வேற ஓட்டையில சொருகினா கம்ப்யூட்டர் ஏன் மறந்துடுது? மணமேல்குடி பின்கோடில் இருக்கு பதில்!

கைரேகை மெஷினில் சிவப்பு விளக்கு எரிகிறது. ஒயரும் சரியாகத்தான் சொருகியிருக்கிறது. ஆனால் திரையில் 'டிவைஸ் நாட் ரெடி' என்று வருகிறது. உதவித்தொகை எடுக்க வந்த பாட்டி, சான்றிதழுக்கு வந்த அண்ணன் என்று பின்னால் வரிசை நீள்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் தம்பி ஒயரைப் பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில் சொருகுகிறார். சில நேரம் சரியாகிவிடும். சில நேரம் இன்னும் மோசமாகும். 'புதிய சாதனம்' என்று சொல்லி கம்ப்யூட்டர் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

இ-சேவை மையங்களில் இது அடிக்கடி பார்க்கிற காட்சிதான். அதே மெஷின், அதே கம்ப்யூட்டர், இடம் மட்டும் இரண்டு அங்குலம் தள்ளியிருக்கிறது. அதற்குள் எப்படி 'புதுசு' ஆனது?

ஆபரேட்டிங் சிஸ்டம் தன்னோடு இணைந்திருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் நம்பர் போடுகிறது. அந்த நம்பரில் இரண்டு வகை உண்டு. 'நீ எங்கே இருக்கே?' என்பது ஒன்று. 'நீ யாரு?' என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவது கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் பெரும்பாலான தலைவலி தொடங்குகிறது.

614620: இந்த நம்பர் சொல்வது என்ன?

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை ஊர் மணமேல்குடி. இதன் பின்கோடு 614620. மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டையின் பின்கோடு 622001. ஒரே மாவட்டம்தான், ஆனால் முதல் மூன்று இலக்கங்களே வேறு. அதே நேரம் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருக்கும் பட்டுக்கோட்டையின் பின்கோடு 614601. மன்னார்குடிக்கு 614001. அறந்தாங்கிக்கு 614616. ஆக, நம்பரை மட்டும் பார்த்தால் மணமேல்குடி பட்டுக்கோட்டைக்குத்தான் சொந்தக்காரன்!

காரணம் எளிது. பின்கோடு என்பது ஊரின் அடையாள அட்டை அல்ல, தபால் வந்து சேரும் வழி. முதல் இலக்கமான 6, தமிழ்நாடு, கேரளா உள்ள தென் மண்டலத்தைக் குறிக்கிறது. முதல் மூன்று இலக்கங்கள் தபாலைப் பிரிக்கும் வட்டாரத்தையும், கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் தபால் நிலையத்தையும் சொல்கின்றன. இந்த முறை நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15. புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது 1974 ஜனவரி 14. அதற்கு முன்பு அறந்தாங்கி, மணமேல்குடி பக்கமெல்லாம் தஞ்சாவூர் மாவட்டம். பிறகு மாவட்டத்தின் பெயர் மாறியது. தபால் வழியின் நம்பர் அப்படியே 614-ல் இருக்கிறது.

இப்போது ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கம் போய் விசைப்படகுகளைப் பாருங்கள். ஒவ்வொரு படகின் பக்கவாட்டிலும் பதிவு எண் எழுதியிருக்கும். மாநிலம், மாவட்டம், படகின் வகை, வரிசை எண் எல்லாம் அதில் உண்டு. படகை ஜெட்டியின் எந்த மூலையில் கட்டினாலும், நாகப்பட்டினம் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும் அந்த நம்பர் மாறாது.

பின்கோடு சொல்வது 'எங்கே'. படகு எண் சொல்வது 'யாரு'. கம்ப்யூட்டருக்குள்ளேயும் இதே இரண்டு வகை நம்பர்கள்தான். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. கம்ப்யூட்டர் தன் 'பின்கோடை' ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் புதிதாகப் போடுகிறது!

பஸ் என்றால் அறந்தாங்கி பஸ்ஸா?

இல்லை. ஆனால் ரொம்ப தூரமும் இல்லை. பிராசசரிலிருந்து பல பாகங்களுக்குத் தகவல் போய் வரும் பொதுப் பாதைக்குப் பெயர்தான் 'பஸ்'. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி ரோடு போடாமல், ஒரே ரோட்டில் எல்லோரும் ஏறி இறங்குவது. இதில் முக்கியமானவை இரண்டு. கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளே இருக்கும் கிராபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு போன்றவற்றுக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ். வெளியே சொருகும் மவுஸ், பிரிண்டர், பென்டிரைவ், கைரேகை மெஷினுக்கு யூஎஸ்பி.

இந்தப் பொதுப் பாதைகளில் நம்பர் போடுவது ஒரு காலத்தில் மனிதர்களின் வேலை. 1980-களிலும் 90-களின் தொடக்கத்திலும் சவுண்ட் கார்டு வாங்கினால், அதில் இருக்கும் குட்டி ஜம்பர்களை நகர்த்தி 'உனக்கு 5-ம் நம்பர்' என்று நாமே முடிவு செய்ய வேண்டும். இரண்டு கார்டுகளுக்கு ஒரே நம்பர் விழுந்தால் இரண்டும் தகராறு செய்யும், சில சமயம் கம்ப்யூட்டரே நின்றுவிடும். 1995-ல் விண்டோஸ் 95 வந்தபோது 'சொருகு, ஓட்டு' என்று பெருமையாகச் சொன்னார்கள். வாங்கியவர்கள் 'சொருகு, சாமி கும்பிடு' என்று கிண்டலடித்தார்கள்.

கிண்டல் சும்மா இல்லை. 1998 ஏப்ரல் 20, சிகாகோவில் காம்டெக்ஸ் கண்காட்சி. மேடையில் பில் கேட்ஸ். அவருடைய உதவியாளர் விண்டோஸ் 98-ன் பெருமையைக் காட்ட ஒரு யூஎஸ்பி ஸ்கேனரைச் சொருகினார். மொத்தத் திரையும் நீலமாகிக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அரங்கமே சிரித்தது. புதுப் பொருளை அடையாளம் கண்டு நம்பர் கொடுக்கும் வேலை அவ்வளவு சுலபமில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பு

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதல் சில விநாடிகளில் உள்ளே ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் பிசிஐ பாதையில் ஒரு முகவரி மூன்று துண்டுகளாக இருக்கும். பஸ் எண், டிவைஸ் எண், ஃபங்ஷன் எண். '03:00.0' என்று பார்த்தால் 3-ம் பஸ், 0-வது டிவைஸ், அதன் 0-வது ஃபங்ஷன். தெரு, வீடு, வீட்டுக்குள் குடித்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். அதிகபட்சம் 256 தெரு, தெருவுக்கு 32 வீடு, வீட்டுக்கு 8 குடித்தனம்.

கணக்கெடுப்பவர் 0-வது தெருவில் தொடங்கி ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டுவார். 'உன் கம்பெனி நம்பர் என்ன?' என்பதுதான் முதல் கேள்வி. ஆள் இருந்தால் பதில் வரும். இன்டெல் தயாரிப்பு என்றால் 8086 என்று வரும். 1978-ல் அந்தக் கம்பெனி வெளியிட்ட புகழ்பெற்ற பிராசசரின் பெயரையே கம்பெனி நம்பராக வாங்கி வைத்திருக்கிறார்கள்! ஏஎம்டி என்றால் 1022. ஆளே இல்லாத வீடாக இருந்தால் 16 இடத்திலும் 1 என்றே வரும். அது 'பூட்டிய வீடு'. அதனால்தான் அந்த நம்பரை எந்தக் கம்பெனிக்கும் கொடுப்பதில்லை.

போகிற வழியில் ஒரு சந்து திரும்பினால்? அதற்கு 'பிரிட்ஜ்' என்று பெயர். கணக்கெடுப்பவர் அந்தச் சந்துக்கு அடுத்த தெரு நம்பரைக் கொடுத்துவிட்டு, உடனே உள்ளே நுழைந்து கடைசி வீடு வரை பார்த்துவிட்டுத்தான் திரும்பி வருவார். அதற்குள் இன்னொரு சந்து இருந்தால் அதற்கும் அடுத்த நம்பர்.

சிக்கல் இங்கேதான். நேற்று 3-ம் தெருவில் இருந்த நெட்வொர்க் கார்டுக்கு முன்னால் இன்று புதிதாக ஒரு கார்டு சொருகினால், இடையில் ஒரு சந்து முளைக்கிறது. நெட்வொர்க் கார்டின் தெரு 4 ஆகிவிடுகிறது. அந்தக் கார்டு அசையவே இல்லை, ஆனால் முகவரி மாறிவிட்டது. மணமேல்குடிக்கும் அறந்தாங்கிக்கும் நடுவில் புதிதாக ஒரு தபால் நிலையம் வந்தால் 614620 என்பது 614621 ஆகிவிடும் என்றால் எப்படி இருக்கும்? அப்படி!

சர்வர் பார்க்கும் நண்பர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவார்கள். லினக்ஸில் முன்பெல்லாம் நெட்வொர்க் கார்டுகளுக்கு 'ஈத்0', 'ஈத்1' என்று பெயர். எது முதலில் பதில் சொல்கிறதோ அது 0. இரண்டு கார்டு இருக்கும் மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் பெயர்கள் இடம் மாறிக்கொள்ளும் ஆபத்து இருந்தது. ஊரின் உள் நெட்வொர்க்கும் வெளி இணையமும் தலைகீழானால் பாதுகாப்பே போச்சு. இதற்குத் தீர்வாக 2013-ல் 'சிஸ்டம்டி' மென்பொருளில் புதுப் பெயர் முறை வந்தது. 'இஎன்பி3எஸ்0' மாதிரி. அதாவது 3-ம் பஸ், 0-வது ஸ்லாட். எது முதலில் பதில் சொன்னது என்பதை விட்டுவிட்டு, எங்கே இருக்கிறது என்பதைப் பெயராக்கினார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் மேலே சொன்ன மாதிரி தெரு நம்பரே மாறினால் இந்தப் பெயரும் மாறும். புது கிராபிக்ஸ் கார்டு போட்டதும் இன்டர்நெட் போய்விட்டது என்று தலையைச் சொறிபவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

யூஎஸ்பி: பெயர் வைக்காத குழந்தை

யூஎஸ்பி-யின் முதல் பதிப்பு வந்தது 1996 ஜனவரியில். அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியமானவர் அஜய் பட், குஜராத்தின் வடோதராவில் படித்தவர். பெட்டியைத் திறக்காமல், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எதையும் சொருகலாம், பிடுங்கலாம் என்பதுதான் இதன் சாதனை. அதற்கு நம்பர் போடும் வேலையும் ஓடிக்கொண்டே நடக்க வேண்டும்.

நீங்கள் பென்டிரைவைச் சொருகியதும் நடப்பது இது. போர்ட்டில் ஏதோ வந்திருக்கிறது என்று ஹப் தகவல் சொல்லும். கம்ப்யூட்டர் அந்தப் போர்ட்டை ஒருமுறை ரீசெட் செய்யும். இப்போது வந்தவருக்கு எண் 0. அரசு ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும் வரை கையில் 'இன்னாரின் குழந்தை' என்று பட்டை கட்டுவார்களே, அந்த மாதிரி. ஒரு நேரத்தில் ஒருவர்தான் 0-வில் இருக்கலாம். பிறகு 1 முதல் 127-க்குள் ஒரு எண் ஒதுக்கப்படும். ஒரு யூஎஸ்பி பஸ்ஸில் 127 சாதனங்கள்தான் எல்லை என்பதற்கு இதுவே காரணம். முகவரிக்கு ஒதுக்கியது 7 பிட் மட்டும்.

அடுத்து விசாரணை. சாதனம் 18 பைட் நீளத்தில் ஒரு சிறு குறிப்பைக் கொடுக்க வேண்டும். கம்பெனி நம்பர், மாடல் நம்பர், சீரியல் எண் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அதில் இருக்கும். கீபோர்டு, மவுஸ் வகை என்றால் 3, பிரிண்டர் என்றால் 7, பென்டிரைவ் என்றால் 8 என்று தொழிலுக்கும் நம்பர் உண்டு. இதைப் பார்த்துத்தான் எந்த டிரைவர் மென்பொருளைக் கூப்பிட வேண்டும் என்று ஆபரேட்டிங் சிஸ்டம் முடிவு செய்கிறது.

லினக்ஸில் 'எல்எஸ்யூஎஸ்பி' என்று தட்டினால் 'பஸ் 001 டிவைஸ் 005: ஐடி 0781:5567' மாதிரி ஒரு வரி வரும். இந்த ஒரே வரியில் இரண்டு வகை நம்பரும் இருக்கிறது பாருங்கள். 001, 005 என்பது வழி. பிடுங்கித் திரும்பச் சொருகினால் 005 என்பது 006 ஆகிவிடும். 0781 என்பது சான்டிஸ்க் கம்பெனி, 5567 என்பது அதன் ஒரு மாடல். இது எந்தக் கம்ப்யூட்டரில் சொருகினாலும் மாறாது.

ஆனால் கவனியுங்கள். அந்த மாடலில் உலகம் முழுக்க விற்ற எல்லாப் பென்டிரைவுக்கும் 0781:5567 ஒன்றுதான். 'விசைப்படகு' என்று சொல்வது மாதிரி, எந்தப் படகு என்று அதில் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது சீரியல் எண்.

மெஷினை இடம் மாற்றினால் ஏன் மறக்கிறது?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். யூஎஸ்பி விதிப்படி சீரியல் எண் கட்டாயம் இல்லை. காசு மிச்சம் பிடிக்கப் பல கம்பெனிகள் அதைப் போடுவதே இல்லை. சில மலிவு சாதனங்களில் இன்னும் வேடிக்கை, எல்லாவற்றுக்கும் ஒரே சீரியல் எண்!

சீரியல் எண் இருந்தால் விண்டோஸ் அதை வைத்து அடையாளம் காண்கிறது. எந்த ஓட்டையில் சொருகினாலும் 'ஓ, நீயா, வா' என்று பழைய செட்டிங்கோடு சேர்த்துக்கொள்ளும். சீரியல் எண் இல்லையென்றால் விண்டோஸுக்கு வேறு வழி இல்லை. எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதையே அடையாளத்தின் ஒரு பகுதியாக எழுதி வைத்துக்கொள்கிறது. அதாவது 'எங்கே' என்பதே 'யாரு' ஆகிவிடுகிறது. போர்ட் மாறினால் ஆளும் மாறியதாகக் கணக்கு.

இதனால் வரும் தொல்லைகள் உங்களுக்குப் பழக்கமானவைதான். ஒரே பிரிண்டர், ஆனால் பட்டியலில் இரண்டாவதாக 'காப்பி 1' என்று முளைத்திருக்கும். பிரிண்ட் கொடுத்தால் பழைய பெயருக்குப் போய் வெளியே வராது. மின்னணுத் தராசைக் கம்ப்யூட்டரோடு இணைத்திருக்கும் கடைகளில் இன்னும் மோசம். பில் போடும் மென்பொருளில் 'காம் 3' என்று எழுதி வைத்திருப்பார்கள். பெருக்கும்போது யாரோ ஒயரைப் பிடுங்கி அடுத்த ஓட்டையில் சொருகியிருப்பார். விண்டோஸ் அதைப் புதுசு என்று நினைத்து 'காம் 7' கொடுத்திருக்கும். தராசு நன்றாக இருக்கிறது, கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது, எடை மட்டும் வராது. மெக்கானிக் வந்து காசு வாங்கிக்கொண்டு செய்வது பல நேரம் ஒயரைப் பழைய ஓட்டைக்கு மாற்றுவதுதான்!

அதனால் பிரிண்டர், தராசு, கைரேகை மெஷின் எல்லாம் எந்த ஓட்டையில் வேலை செய்கிறதோ, அந்த ஓட்டைக்கும் ஒயருக்கும் ஒரே நிற ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். ஐந்து ரூபாய் செலவுதான்.

கைரேகை மெஷினுக்கு மட்டும் மூன்றாவது வாசல்

ஆதார் கைரேகை மெஷினுக்கு இன்னொரு அடுக்கும் இருக்கிறது. 2017 முதல் ஆதார் ஆணையம் 'பதிவு செய்யப்பட்ட சாதனம்' என்ற முறையைக் கொண்டு வந்தது. ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி அடையாளக் குறியீடு உண்டு. எடுத்த கைரேகையை அது பூட்டி, தன் டிஜிட்டல் கையெழுத்தைப் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். யாரோ சேமித்து வைத்த பழைய கைரேகையைத் திரும்ப அனுப்பி ஏமாற்றக் கூடாது என்பதற்காக. இதற்குக் கம்ப்யூட்டரில் 'ஆர்டி சர்வீஸ்' என்ற மென்பொருள் ஓட வேண்டும். இங்கே ஆபரேட்டிங் சிஸ்டம் அடையாளம் கண்டால் மட்டும் போதாது.

ஆக, மெஷின் மூன்று வாசலைத் தாண்ட வேண்டும். எந்த வாசலில் நிற்கிறது என்று விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் தெரிந்துவிடும். 'டிஸ்க்ரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு' என்றோ, 'கோட் 43' என்றோ வந்தால் அந்த 18 பைட் குறிப்பையே மெஷின் கொடுக்க முடியவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் ஒயர், போர்ட் அல்லது ஹப் கோளாறு. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று போர்ட்டின் உலோகத் தகடுகளை அரிப்பதும் ஒரு காரணம். இந்த நிலையில் மென்பொருளைத் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒயரை மாற்றுங்கள், ஹப் இல்லாமல் நேரடியாகச் சொருகிப் பாருங்கள்.

'கோட் 28' என்றால் யார் என்று தெரிந்துவிட்டது, ஆனால் டிரைவர் மென்பொருள் இல்லை. அதை மெஷின் கம்பெனியின் தளத்திலிருந்து எடுத்துப் போட வேண்டும். டிவைஸ் மேனேஜரில் எல்லாம் சரி, ஆனால் செயலியில் மட்டும் 'நாட் ரெடி' என்றால் மூன்றாவது வாசல். ஆர்டி சர்வீஸ் ஓடவில்லை, அல்லது மெஷினின் பதிவுக் காலம் முடிந்திருக்கிறது. கட்டுரையின் தொடக்கத்தில் விளக்கு எரிந்துகொண்டே அடம்பிடித்த மெஷினின் நிலை இதுவாகவும் இருக்கலாம். விளக்கு எரிவது கரண்ட் வருகிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி.

வரிசையில் நிற்பவருக்கு இதில் என்ன? முதல் கோளாறு என்றால் ஐந்து நிமிடத்தில் சரியாகலாம். மூன்றாவது என்றால் இன்று முடியாமலும் போகலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் மிமிசலிலிருந்தோ கட்டுமாவடியிலிருந்தோ வந்தவர் மதியம் வரை சும்மா காத்திருக்க வேண்டியதில்லை.

இலவச லேப்டாப்பில் நடந்த குழப்பம்

2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அந்த லேப்டாப்களில் விண்டோஸும் இருந்தது, 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. பாஸ் லினக்ஸ் சென்னை சி-டாக் உருவாக்கியது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் லட்சக்கணக்கானோர் கையில் ஒரே பெட்டியில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்த காலம் அது.

ஒரே பென்டிரைவ் விண்டோஸில் 'ஈ டிரைவ்' என்று வரும். பாஸில் 'எஸ்டிபி1' என்று வரும். விண்டோஸில் ஏ, பி என்பவை பழைய ஃபிளாப்பிக்கு ஒதுக்கிய எழுத்துகள், அதனால்தான் வன்தட்டு 'சி'-யில் தொடங்குகிறது. லினக்ஸில் கண்ணில் பட்ட வரிசைப்படி முதல் தட்டு 'எஸ்டிஏ', அடுத்தது 'எஸ்டிபி'.

'கண்ணில் பட்ட வரிசை' என்பதுதான் ஆபத்து. புது லினக்ஸ் பதிப்புகளில் தட்டுகளைத் தேடும் வேலை ஒரே நேரத்தில் பல பக்கம் நடக்கிறது. இன்று எஸ்டிபி-யாக இருந்த பென்டிரைவ் நாளை எஸ்டிஏ ஆகலாம். 'எஸ்டிபி-யை முழுசா அழி' என்று நேற்று எழுதி வைத்த கட்டளையை இன்று ஓட்டினால் அழிவது பென்டிரைவ் அல்ல, கல்யாண போட்டோ இருக்கும் வன்தட்டாக இருக்கலாம். கேட்டு உறுதிசெய்யும் பழக்கமெல்லாம் அந்தக் கட்டளைக்குக் கிடையாது.

இதற்காகத்தான் ஒவ்வொரு தட்டுப் பகுதிக்கும் 'யூயூஐடி' என்ற நீண்ட எண்ணை எழுதி வைக்கிறார்கள். 128 பிட் நீளம், தற்செயலாக இரண்டு தட்டுக்கு ஒரே எண் விழ வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம். லினக்ஸ் ஒரே தட்டுக்கு இரண்டு விதமான முகவரிப் பட்டியலும் வைத்திருக்கிறது. ஒன்று போர்ட் வழிப்படி, இன்னொன்று தட்டின் சொந்த அடையாளப்படி. பின்கோடும் படகு எண்ணும் பக்கத்துப் பக்கத்தில்! எதை அழிப்பதாக இருந்தாலும் இரண்டாவது பட்டியலைப் பார்த்து அழிப்பதுதான் உயிர் காக்கும். ஒரு தட்டை அச்சு அசலாக நகல் எடுத்தால் மட்டும் கவனம், எண்ணும் சேர்ந்தே நகலாகிவிடும்.

உங்கள் போனில் எப்படி?

இதைப் படிக்கும் போனுக்குள் பெரும்பாலும் கணக்கெடுப்பே கிடையாது. கேமரா, டச் ஸ்கிரீன், ஸ்பீக்கர் எல்லாம் பலகையில் ஒட்ட வைத்தவை, யாரும் வந்து போகப் போவதில்லை. அதனால் எந்தப் பாகம் எந்த வழியில் எந்த எண்ணில் இருக்கிறது என்ற பட்டியலைக் கம்பெனியே எழுதி உள்ளே வைத்துவிடுகிறது. அதற்கு 'டிவைஸ் ட்ரீ' என்று பெயர். ஆண்ட்ராய்டு அந்தப் பட்டியலை அப்படியே நம்பும். டிஸ்ப்ளே மாற்றிய பிறகு படம் தெரிகிறது, டச் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், போட்ட பாகம் பட்டியலில் இருக்கும் பாகம் அல்லாமல் இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஐபோனில் இதையே பூட்டாகவும் மாற்றிவிட்டார்கள். பேட்டரி, டிஸ்ப்ளேவின் சீரியல் எண் ஒத்துப்போகவில்லை என்றால் 'தெரியாத பாகம்' என்று எச்சரிக்கை வருகிறது. அடையாளத்துக்கு வந்த எண், யார் ரிப்பேர் செய்யலாம் என்று முடிவு செய்யும் எண்ணாகிவிட்டது. இதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நம்பரை நம்பலாமா?

இவ்வளவு நேரம் பார்த்த கம்பெனி நம்பர், மாடல் நம்பர் எல்லாம் சாதனம் தன் வாயால் சொல்வதுதான். பொய் சொன்னால்? ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எஃப்டிடிஐ கம்பெனியின் சிப்களைப் போலவே போலிகள் 0403 என்ற அதே நம்பரோடு சந்தைக்கு வந்தன. 2014 அக்டோபரில் அந்தக் கம்பெனி வெளியிட்ட டிரைவர், விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து, போலிச் சிப்களின் மாடல் எண்ணை 0 ஆக்கியது. சிப் உடையவில்லை, பெயர் மட்டும் போனது. ஆனால் எந்தக் கம்ப்யூட்டரும் அதற்குப் பிறகு அதைச் சீந்தவில்லை. போலி என்றே தெரியாமல் காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தார்கள், கம்பெனி அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றது.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனி ஆய்வாளர்கள் கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் இருவரும் 'பேட்யூஎஸ்பி' என்ற தாக்குதலைக் காட்டினார்கள். பார்க்கப் பென்டிரைவ். ஆனால் விசாரணையில் '3' என்று சொல்லும், அதாவது 'நான் கீபோர்டு'. கம்ப்யூட்டர் நம்பிவிடும். அடுத்த விநாடியே அது தானாகக் கட்டளைகளைத் தட்ட ஆரம்பிக்கும். ஆன்டிவைரஸ் ஃபைல்களைத்தான் தேடும், கீபோர்டைச் சந்தேகப்படாது.

பஸ் ஸ்டாண்டில் கிடந்தது, யாரோ கொடுத்தது என்று தெரியாத பென்டிரைவை அலுவலகக் கம்ப்யூட்டரில் சொருகாதீர்கள். சொருகியதும் 'புதிய கீபோர்டு இணைக்கப்பட்டது' என்று வந்தால் யோசிக்காமல் பிடுங்கிவிடுங்கள். போனில் ஓடிஜி வழியாக எதையாவது இணைக்கும்போது 'இந்தச் சாதனத்தை இந்தச் செயலி அணுகலாமா?' என்று ஒரு பெட்டி வரும். அதில் இருக்கும் பெயர் நீங்கள் சொருகிய பொருளின் பெயர்தானா என்று பார்த்துவிட்டு 'ஓகே' தட்டுங்கள்.